அமிர்தராஜ் வண்டிக்கு ரிவர்ஸ் வைத்த கதை

"மிதி" என்றார் அமிர்தராஜ்.

ஜோவிதா மிதித்தாள்.

"புடி... புடி... உட்டுராத." வண்டிக்கு அடியிலிருந்து அவருடைய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது. ரப்பர் குழாய் வழியே பிரேக் ஆயில் பாட்டிலுக்குள் இறங்கியது. கூடவே ஒரு காற்றுக் குமிழி. "போச்சு பாரு ஒண்ணு. இப்ப உடு."

விட்டாள்.

பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் திறந்து மூட. ஓசூரில் கியர் பெட்டி வடிவமைக்கும் பொறியாளர் ஜோவிதா. லீவு போட்டு சௌரிபாளையத்துக்கு வந்து, அப்பாவின் ஷெட்டில் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"காலு மரத்துப்போச்சுங்கப்பா."

"இன்னொரு காலு எதுக்கு இருக்குது?"

"அது கிளட்ச் பக்கம்ங்க."

"கிளட்ச் உன்னைக் கூப்புட்டுச்சா? மிதி கண்ணு."

சமையலறையிலிருந்து அருள்செல்வியின் குரல் வந்தது. "ஏனுங்க, புள்ள வந்ததே அதிசயம். அதையும் வண்டிக்கு அடியில தள்ளிப்போட்டீங்களா?"

"அடியில கெடக்கறது நானு. அவ மேல சீட்டுல சொகமா உக்காந்திருக்கறா."

"அந்தச் சீட்டுச் சொகம் எனக்குத் தெரியாதாக்கும்" என்றது குரல். பிறகு தாளிக்கும் சத்தம்.

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அப்போது அது வெறும் சனிக்கிழமை.

அமிர்தராஜ் மோட்டார் சுற்றுகிறவர். ஆவாரம்பாளையத்தில் ஒரு ஷட்டர் அகலத்தில் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர் மோட்டார் என்று எது எரிந்து வந்தாலும் கருகிய காயிலை உரித்துப்போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி எடுத்து அனுப்புவார். அவருடைய சட்டைகளுக்கு வார்னிஷ் வாசம் போகவே போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அத்தர் பூசிக்கொள்வார். கோயிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், பிளைவுட் கடையில் கல்யாணம் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையையே இளவயதில் ஏமாற்றியவர்தான். கோயிலுக்கு என்று கிளம்பி ரேஸ் பார்க்கப் போய்விடுவார். மகள் வேலைக்குப் போன பிறகு அந்தப் பழைய ஆசை வெளியே வந்தது. சந்தில் எதிர் வீட்டுக்காரர் தம்பிதுரைக்கு லேத் பட்டறை உண்டு, பொள்ளாச்சி ரோட்டில் தென்னந்தோப்பும் உண்டு. இருவரும் சேர்ந்து சதுரக் குழாய்களை வெட்டி வெல்டிங் வைத்து ஒரு சட்டம் செய்தார்கள். விபத்தில் முன்பக்கம் நொறுங்கிப்போன ஒரு பைக்கின் இன்ஜின் வந்தது. தண்ணீர்த் தொட்டி செய்கிறவர் ஒருவர் ஃபைபரில் மேலோடு ஊற்றிக் கொடுத்தார். பெயின்ட், மோட்டாருக்கு அடிக்கும் அதே பச்சை. முடிந்ததும் அது தரையிலிருந்து இடுப்பு உயரம்கூட இல்லை. கதவு கிடையாது, கூரை கிடையாது, இரண்டே இருக்கை.

அருள்செல்வி வந்து பார்த்தாள்.

"மேல்பாதி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான் வண்டி."

"இதுக்கா ரெண்டு வருசம்?"

எந்த ஆர்.டி.ஓ. அலுவலகமும் அதற்கு எண் கொடுக்காது. அது ஓடியது சந்துக்குள்ளும், சந்தின் முடிவில் இருக்கும் கோயில் வளாகத்துக்குள்ளும்தான். எப்போதாவது லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் தம்பிதுரையின் தோப்பில் விடுவார்கள். அங்கே அது தென்னை வரிசைகளுக்கு நடுவே பறக்கும். ஒரே ஒரு குறை. பைக் இன்ஜினுக்கு ஆறு கியர் உண்டு, ரிவர்ஸ் கிடையாது. பைக்காரனுக்கு அது தேவையில்லை. காலை ஊன்றிப் பின்னால் உந்திக்கொள்வான். காரில் உட்கார்ந்திருக்கிறவன் காலை எங்கே ஊன்றுவது?

இந்தக் கேள்விக்கு அமிர்தராஜ் அப்போது சொன்ன பதில்: "நான் எதுக்குப் பின்னால போகோணும்?"

பதில் ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று கிடைத்தது. அன்று அருள்செல்வி பட்டுச்சேலையோடு சட்டத்தைத் தாண்டி, எப்படியோ இடது இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். வண்டி சந்தில் ஊர்வலம் போனது. கோயிலில் மாதா சிலை நிற்கும் கெபிக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பூசை முடிந்ததும் இருவரும் ஏறினார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். அதற்கப்புறம்தான் எல்லோரும் பார்த்தார்கள். முன்னால் கெபி. திருப்ப இடமில்லை. வண்டி பின்னால் போகாது.

பாடகர் குழு வந்து தள்ளியது. போதவில்லை. சாமியாரும் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து மூக்கில் கைவைத்தார். அருள்செல்வி இறங்கப் பார்த்தாள். பட்டுச்சேலையோடு அத்தனை பேருக்கு முன்னால் சட்டத்தைத் தாண்டுவது எப்படி? அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தேரில் வைத்த சொரூபம் மாதிரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், பின்பக்கமாகக் கோயில் வாசல் வரை போனாள்.

மறுநாள் காய்கறிக் கடையில் ஒருத்தி, "நேத்துத் தேர் நல்லாயிருந்துச்சுங்க அக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு அருள்செல்வி சொன்னாள், "பின்னால போற வண்டியா இருந்தாக் கூப்புடுங்க. அதுவரைக்கும் எனக்குக் காலு இருக்குது."

அதன்பின் அந்த இடது இருக்கை காலியாகவே ஓடியது. தம்பிதுரை எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டார்.

"எனக்கு ஒரு ரவுண்டு காட்டப்பா."

"அது அருள்செல்வி சீட்டு."

"நான் பேப்பர் விரிச்சுப்போட்டு உக்காந்துக்கறேன்."

"தம்பிதொரை, உனக்கு வேணும்னா மூணாவது சீட்டு வெக்கறேன். அது வேண்டாம்."

ஞாயிறுதோறும் அமிர்தராஜ் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, அருள்செல்விக்கு நாலடி பின்னால் நடந்தே கோயிலுக்குப் போனார். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி ஒரு வருடம் போனது. ஒருநாள் அவர் ஓசூருக்கு போன் செய்தார்.

"அம்மணி, பைக் இன்ஜினுக்கு ரிவர்ஸ் வெக்கோணும். என்ன வழி?"

ஜோவிதாவுக்குப் பல வழி தெரியும். ஆட்டோவின் கியர் பெட்டியை வைக்கலாம். ஆனால் இடம் பத்தாது. தனி ரிவர்ஸ் பெட்டி செய்யலாம். அப்பாவின் ஆயுசுக்குள் முடியாது என்று விளையாட்டாகச் சொன்னாள். கடைசியில் எளிய வழி ஒன்று நின்றது. பின் அச்சில் ஒரு பல்சக்கர வளையம் மாட்டி, பழைய கார் ஒன்றின் ஸ்டார்ட்டர் மோட்டாரை அதன் பக்கத்தில் பொருத்துவது. இன்ஜினை நியூட்ரலில் விட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினால், மோட்டார் பல்லைக் கடித்து அச்சைப் பின்பக்கமாகச் சுற்றும். ஆள் நடக்கும் வேகம்தான். போதும்.

படம் வரைந்து அனுப்பினாள். மோட்டாரை அச்சின் வலது பக்கம், முகம் இடது பார்க்கப் பொருத்த வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தாள்.

"வலப்பக்கம் பிரேக் இருக்குதே. அதைக் கழட்டி எடம் மாத்தோணும். இடப்பக்கம் போட்டர்றேன்."

"இடப்பக்கம் போட்டா முன்னாலதான் சுத்தும்ங்கப்பா."

"சுத்தட்டும். ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்தாத் திரும்பிக்குது."

"அது திரும்பாதுங்க."

"கண்ணு, நீ கியர்காரி. மோட்டாரை எங்கிட்ட உடு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொங்கு நாட்டுக் கிணறுகளில் ஓடுவது மும்முனை மோட்டார். மின்கம்பத்தில் யாராவது கைவைத்துப் போனால் மறுநாள் காலையில் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் வராது. கோபியிலிருந்தும் அன்னூரிலிருந்தும் போன் வரும். எதையாவது இரண்டு ஒயரை மாற்றிப் போடுங்கள் என்பார் அமிர்தராஜ். மாற்றினால் மோட்டார் திரும்பிவிடும். வாழ்நாள் முழுக்க அவர் இப்படித் திருப்பிக்கொண்டே இருந்தவர். கார் ஸ்டார்ட்டர் வேறு ஜாதி. அதில் வெளிக்காயிலும் உள்ளே சுற்றும் காயிலும் ஒரே கம்பியில் வரிசையாக இருக்கும். பேட்டரி ஒயரை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். சேர்ந்து மாறினால் ஒன்றும் மாறாது. சுற்று அதே பக்கம்தான்.

அவர் கடையில் சோதித்துப் பார்த்திருக்கலாம். ஒயரை மாற்றினால் மோட்டார் திரும்புமா என்று ஒரு மோட்டார்க்காரர் சோதிப்பாரா என்ன?

சோதனை, பூசை முடிந்த கையோடு கோயில் வளாகத்தில் நடந்தது. மோட்டாரை இடப்பக்கமே மாட்டி, ஒயரை மாற்றி, வண்டியை அதே கெபிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தத் தேர்ப்பவனிக்குப் பழி தீர்க்கிற இடம் அதுதான் என்பது அவர் எண்ணம். ஜோவிதாவும் வந்திருந்தாள். அருள்செல்வி குடையோடு ஓரமாக நின்றாள்.

"ஏனுங்க, பின்னால யாரும் நிக்காதீங்க! வண்டி பின்னால வருது!" என்று தம்பிதுரை கையை வீசிக் கூட்டத்தை விரட்டினார். கூட்டம் மரியாதையாக விலகி வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. தம்பிதுரையும் நன்றாகத் தெரியட்டும் என்று மூக்குக்கு நேரே வந்து நின்றுகொண்டார்.

அமிர்தராஜ் பின்பக்கம் திரும்பிப் பார்த்தபடி பட்டனை அழுத்தினார்.

வண்டி 'கிர்ர்ர்' என்று நிதானமாக முன்னால் வந்தது.

"ஏய், ஏய், ஏய்" என்றபடி தம்பிதுரை பின்வாங்கினார். பூச்செடிப் பாத்தி முதுகுக்குப் பின்னால் இருந்தது அவருக்குத் தெரியாது. உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சிதறியது. அமிர்தராஜ் இன்னும் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கெபியின் பூந்தொட்டி ஒன்று உருண்ட பிறகுதான் விரலை எடுத்தார்.

"ஒயர் மாறியிருக்குது" என்று இறங்கினார். மறுபடி மாற்றினார். மறுபடி எல்லோரையும் பின்னாலிருந்து விரட்டச் சொன்னார். இந்த முறை யாரும் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. சுவர் ஓரம் போய்விட்டார்கள். பட்டனை அழுத்தினார். இரண்டாவது பூந்தொட்டி உருண்டது.

அருள்செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வண்டியருகே வந்தாள்.

"முன்னால போறதுக்கு ஏற்கெனவே ஆறு கியர் இருந்துச்சு. இப்ப ஒரு பட்டனும் வெச்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

பாத்தியிலிருந்து தம்பிதுரை, "அம்மணி, என்னைத் தூக்கி உட்டுட்டுப் போ" என்றார் ஜோவிதாவிடம்.

அமிர்தராஜ் அத்தோடு விடவில்லை. கடைக்கு எடுத்துப் போய் ஸ்டார்ட்டரையே பிரித்தார். உள்காயிலின் இணைப்பை மட்டும் தனியாக மாற்றினார். இப்போது மோட்டார் உண்மையிலேயே திரும்பிச் சுற்றியது. கடையில் டீ வாங்கி ஊற்றிக் கொண்டாடினார். வண்டியில் மாட்டிப் பட்டனை அழுத்தியபோது மோட்டார் சத்தம் போட்டது, வண்டி அசையவில்லை. ஸ்டார்ட்டரின் பல்லுக்கு ஒரு பூட்டு உண்டு. அது ஒரு பக்கச் சுற்றுக்குத்தான் பிடிக்கும், மறுபக்கம் சும்மா வழுக்கும்.

ஒரு வாரம் போன் வரவில்லை. பிறகு வந்தது.

"அம்மணி, அந்தப் படத்தை இன்னொருக்கா அனுப்பு."

"எந்தப் படம்ங்கப்பா?"

"வலப்பக்கம் போட்ட படம்."

"அது எதுக்குங்க இப்ப?"

"சும்மா. தொலஞ்சுபோச்சு."

அனுப்பினாள். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "ஒயரையே தொடாம ஒரு ஐடியா கண்டுபுடிச்சிருக்கேன். மோட்டாரை அந்தப் பக்கம் மாட்டிப்போட்டா எப்படி?"

"நெம்ப நல்ல ஐடியாங்கப்பா" என்றாள் ஜோவிதா.

வலது பக்கம் இருந்த பிரேக்கைக் கழற்றி இடம் மாற்ற வேண்டியதாயிற்று. அதனால்தான் குழாயில் காற்று புகுந்தது. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை ஜோவிதா மிதித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வண்டி ஷெட்டிலிருந்து தானாகவே பின்பக்கமாக வெளியே வந்தது. அமிர்தராஜ் நிறுத்தவில்லை. சந்து முழுவதும் ரிவர்ஸிலேயே போனார். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல், ஆள் நடக்கும் வேகத்தில். தம்பிதுரை பல் விளக்கிக்கொண்டே பக்கத்தில் நடந்து வந்தார்.

"முன்னால ஓட்டறது மறந்துபோச்சா?"

"முன்னால போறதை எவன் வேணும்னாலும் செய்வான்."

அருள்செல்வி கேட்டருகே நின்று பார்த்தாள். வண்டி அவள் முன்னால் வந்து நின்றது. அமிர்தராஜ் இடது இருக்கையைக் கையால் துடைத்தார்.

"அதுல உக்காந்தா எனக்கு ரோடே தெரியறதில்லைங்க. கெணத்துக்குள்ள எறக்குன மாதிரி இருக்குது" என்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை?"

"பாக்கலாம்."

திங்கட்கிழமை ஜோவிதா ஓசூருக்குப் பஸ் ஏறினாள். வியாழக்கிழமை காலை, கடையில், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அமிர்தராஜ் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே இல்லை. தம்பிதுரைதான் போன் செய்தார். "அம்மணி, வா" என்றார்.

அமரர் ஊர்தி திரும்பச் சந்தில் இடமில்லை. பின்பக்கமாகவே உள்ளே வந்தது. தம்பிதுரை அதன் பின்கதவைத் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிங்க, வரட்டும்... போதும்" என்று நிறுத்தினார். நின்றதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு மதியம் ஜோவிதா ஷெட்டைத் திறந்தாள். அருள்செல்வியும் பின்னாலேயே வந்தாள். கணவர் போன பிறகு அவள் இந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை.

வண்டியில் ஓட்டுநர் இருக்கை மட்டும்தான் இருந்தது. இடது இருக்கை இல்லை. அது இருந்த இடத்தில் வெறும் தகரமும் நான்கு ஓட்டைகளும் இருந்தன.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"கழட்டிப்போட்டாரு" என்றாள் அருள்செல்வி.

"வேற எதுக்காவது கழட்டியிருப்பாருங்கம்மா."

"வேற எதுக்கு? ஒரு வருசம் என்ற பின்னாலயே நடந்து வந்தாரு. அந்த மனுசன் ரிவர்ஸ் வெச்சுட்டு வந்து நிக்கறப்பகூட நான் வாரேன்னு சொல்லலை. பாக்கலாம்னேன்." குனிந்து, அந்த ஓட்டைகளில் ஒன்றை விரலால் தொட்டாள். "சலிச்சுப்போயிருக்கும்."

ஜோவிதா பெஞ்சுக்கடியில் தேடினாள். தம்பிதுரையின் பட்டறையில் கேட்டாள். "நான் கேட்டே தராத சீட்டு, அதை எங்கிட்டக் குடுப்பானா?" என்றார் அவர். ஆவாரம்பாளையம் கடையிலும் இல்லை. அருள்செல்வி அன்று இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. எத்தனை சமாதானம் சொன்னாலும், "எனக்குத் தெரியும் கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அமிர்தராஜின் போன் அடித்தது. இறந்த செய்தி தெரியாத வாடிக்கையாளர்கள் கூப்பிடுவது வழக்கமாகியிருந்தது. ஜோவிதாதான் எடுப்பாள்.

"அண்ணனுங்களா? நான் உக்கடத்துல சீட் கவர் நாகூர் மீரான் பேசறேனுங்க. என்னண்ணா, அளவு கொண்டுட்டு வாரேன்னுட்டு ஆளையே காணோம்? சீட்டு இங்க பாதி வழியில கெடக்குது."

ஜோவிதா ஸ்பீக்கரை அழுத்தினாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எந்தச் சீட்டுங்க பாய்? நான் அவரு பொண்ணு பேசறேன்."

"அந்தப் பச்சை வண்டிச் சீட்டுதானுங்க அம்மணி. செவ்வாக்கெழமை கொண்டாந்து போட்டாரு. வீட்டம்மாவுக்கு ரோடு தெரியோணும், தூக்கிக் குடுங்கன்னாரு. எவ்வளவு தூக்கறதுன்னு கேட்டேன். உக்காந்த மட்டத்துல இருந்து கண்ணு மட்டம் வரைக்கும் அளவு வேணும்ங்க, இல்லாட்டிக் குத்துமதிப்பாப் போயிரும். நாளைக்கு எடுத்துட்டு வாரேன்னாரு. அப்பாவைக் கொஞ்சம் குடுங்களேன்."

ஜோவிதா சொன்னாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஒன்று ஓடி நின்றது.

"அப்ப சீட்டை என்ன செய்யட்டும்ங்க?" என்று மெதுவாகக் கேட்டார் மீரான். "அப்படியே திருப்பித் தந்தர்றதுங்களா?"

ஜோவிதா அம்மாவைப் பார்த்தாள். அருள்செல்வியின் கையில் கீரைத் தண்டு அப்படியே இருந்தது.

"கூப்புடறேனுங்க பாய்" என்று வைத்தாள்.

"புதன்கெழமை டேப்பை வெச்சுக்கிட்டு ஊடு பூராப் பின்னாடியே சுத்துனாரு" என்றாள் அருள்செல்வி. "என்னங்க சோலின்னு கேட்டேன். ஜன்னலுக்குத் திரை தைக்கோணும்னாரு. நம்மூட்டு ஜன்னலுக்கு எந்தக் காலத்துல திரை இருந்துச்சு? அக்கட்டப் போங்க, அடுப்புல வேலை இருக்குதுன்னு தொரத்திப்போட்டேன்."

ஜோவிதா எழுந்து போய் டேப்பை எடுத்து வந்தாள். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டாள். அருள்செல்வி கீரையை முறத்தோடு நகர்த்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்தாள். வந்து உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, முந்தானையை இழுத்துவிட்டு, நேராகப் பார்த்தாள்.

"இவ்வளவு வெறப்பா வேண்டாம்மா. சாதாரணமா எப்படி உக்காருவீங்களோ அப்படி இருங்க. இல்லாட்டி அளவு தப்பாப்போயிரும்."

"கோயிலுக்குப் போறப்ப நான் எப்படி உக்காந்து போவேன்?"

"நேராத்தான்."

"அப்ப நேராவே எடு" என்றாள் அருள்செல்வி.